தனித்து ஒலித்த குரல்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், வடகீழ்ப் பருவமழை ஊவா மலைகளைப் போர்த்தியிருந்த ஒரு மாலைப்பொழுதில், பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துக்குத் துக்கம் விசாரிக்கச் சென்றேன். என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவனின் பாட்டனார் காலமாகியிருந்தார். நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தோராம் நாட் கிரியைகள் முடிந்து உறவினர் கலைந்து போயிருந்தனர். இஸ்தோப்பில் பாட்டியார் மட்டும் தனியே அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். நான் சொல்லவேண்டிய ஆறுதல் மொழிகளைச் சொல்லி முடித்ததும், அவர் எழுந்து உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொணர்ந்து என் முன் வைத்தார்.

"வாத்தியாரையா, இது எங்க மாமனார் காலத்துப் பொட்டி. பேரப்புள்ளைக இத வெளிய போடச் சொல்லுதுக. நீங்க படிச்சவுக. இது என்னான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பெட்டிக்குள் பழைய துணிகளுக்கிடையே பதினொரு இசைத்தட்டுகள் இருந்தன. அரக்கில் வார்த்த கனத்த கறுப்புத் தட்டுகள். நான்கு உடைந்திருந்தன. எஞ்சியவற்றுட் பலவற்றின் பெயர்த்தாள்களைக் கரையான் தின்றிருந்தது. ஒன்றில் மட்டும் எழுத்துகள் தெரிந்தன: ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள், நந்தனார். கைப்பிடியைச் சுழற்றி முடுக்கும் கிராமபோன் பெட்டி கட்டிலின் அடியில் இருந்தது. மாணவனும் நானுமாக அதன் தூசியைத் துடைத்து, எஞ்சியிருந்த ஓர் ஊசியைப் பொருத்தித் தட்டைச் சுழலவிட்டோம்.

முதலில் மழையோசையா தட்டின் இரைச்சலா என்று பிரித்தறிய முடியவில்லை. பின்னர் அவ்விரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் எழுந்தது.

அக்குரலை நான் முன்னரும் கேட்டிருக்கிறேன். 1965ஆம் ஆண்டின் 'திருவிளையாடல்' படத்தில் ஞானப்பழத்துக்காகக் கோபித்து நிற்கும் முருகனை ஆற்றும் ஔவையின் குரலை அறியாத தமிழர் உளரோ? ஆயினும் நான் அறிந்தது முதிர்ந்த ஔவையின் குரல். உலகுக்கு அறம் உரைக்கும் கிழவியின் கம்பீரம். அன்று மழைக்கிடையே கேட்டதோ ஓர் இளம்பெண்ணின் குரல். ஏறத்தாழ மூன்றரை நிமிடம் நிகழ்ந்து தட்டு ஓய்ந்தது. மாணவன் மறுபுறத்தைத் திருப்பிப் போடக் கை நீட்டினான். "கொஞ்சம் பொறு, தம்பி" என்றேன். எனக்கு மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். யான் பிராசீன பாடசாலையில் இலக்கண இலக்கியங்களைப் பயின்று பண்டிதத் தேர்வு எழுதியவன். தேவாரப் பண்களையும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் பாடம் சொல்பவன். நாடக மேடைப் பாட்டைப் பற்றி எங்கள் வகுப்பறைகளில் நிலவிய எண்ணம் உயர்வானதன்று. 'கூத்தாடிப் பாட்டு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோம். அச்சொல்லை நானும் பன்முறை ஆண்டிருக்கிறேன். அவ்வாறு ஆண்ட நா, அம்மாலையில் பேச்சற்றுப் போயிற்று. அதன் பின்னரே அவ்வம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டில் பிறந்தவர் சுந்தராம்பாள். வறுமை மிக்க குடும்பம். சிறுமியாக இருந்தபோதே நாடகக் குழுவில் சேர்ந்தார். 'நல்லதங்காள்' நாடகத்தில், பசியால் வாடும் மூத்த மகனாக நடித்துப் பாடி அவையோரை அழவைத்ததே அவர் பெற்ற முதற் புகழ். பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடியது. அதற்கு நடிப்பு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பதை வாசக அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஈழநாட்டுக்கும் அவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து கொழும்புக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடிய காலம் அது. செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா, 1906ஆம் ஆண்டிற் பிறந்தவர், அந்நாளில் மேடையின் முடிசூடா மன்னர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவனும் சொல் தெளியக் கேட்கும் உச்சக் குரல் அவருக்கு வாய்த்திருந்தது. 1920களின் பிற்பகுதியில் கொழும்பு மேடையில்தான் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்து நடிக்கலாயினர். 'வள்ளி திருமண'த்தில் அவர் வேலன், இவர் வள்ளி. பாட்டுக்குப் பாட்டு எதிர்நிற்கும் அக்காட்சிகள் நாடெங்கும் பேசப்பட்டன. மேடையிற் பிறந்த அன்பு மணவாழ்வாக மலர்ந்தது.

ஆனால் அவ்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். மனத்தாங்கல் வளர்ந்து இருவரும் பிரிந்து வாழ நேர்ந்தது. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. உடல் நலிந்த கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று தொட்டு அவ்வம்மையார் வெள்ளை ஆடையன்றிப் பிறிது உடுத்தவில்லை, அணிகலன் பூணவில்லை, ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதியும் பூண்டார். 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மறையும் வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், அந்நோன்பு வழுவவில்லை.

மேடையை முற்றாக விட்டொழித்திருந்தால் அவரை நாம் இன்று அறிந்திருக்க மாட்டோம். காங்கிரஸ் மேடைகளில் பாடினார், கச்சேரிகள் செய்தார். 1935ஆம் ஆண்டில் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார். அதற்குப் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. அந்நாளில் எவரும் கேட்டறியாத தொகை. கணவனை இழந்த இளம்பெண் காதலியாக நடிக்க மறுத்து, ஆண்டவனைக் காண ஏங்கும் ஒரு பறையர்குல ஆடவனாக வேடம் புனைந்தார். பின்னர் 'மணிமேகலை', 1953இல் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்துக் கவுந்தியடிகள், 1973இல் 'காரைக்கால் அம்மையார்' என, அவர் ஏற்ற வேடங்களை நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகும். எல்லாம் துறவியர், அடியார், முதியோர். 'துணைவன்' படத்துப் பாட்டுக்காக இந்திய அரசின் விருதும் 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் அவரை வந்தடைந்தன.

கிட்டப்பாவுடன் பாடிய காலத்துச் சுந்தராம்பாளின் பாட்டு, எதிர்க்குரலுக்கு விடையிறுக்கும் பாட்டு. ஒருவர் எறிந்த சங்கதியை மற்றவர் ஏந்திக்கொள்வர். பின்னாளைய பாட்டிலோ எதிர்க்குரல் இல்லை. என் செவிக்கு ஒன்று தோன்றுகிறது. மேற்றாயியில் நின்று அவர் ஒரு சொல்லை நீட்டும்போது, அதன் முடிவில் ஒரு நொடி இடைவெளி விடுகிறார். விடை வரவேண்டிய இடம் அது. விடை வராது என்பதை அறிந்தவர்போல அடுத்த அடியைத் தாமே தொடங்குகிறார். இது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆயினும் அத்தட்டை ஏழு முறை கேட்டும் அவ்வெண்ணம் மாறவில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அக்குரல் அழவில்லை. விம்மலில்லை, நடுக்கமில்லை, குழைவில்லை. சொற்கள் ஒவ்வொன்றும் உளியாற் செதுக்கியதுபோல் நிற்கின்றன. ழகரமும் றகரமும் பிழைபடாமல் ஒலிக்கின்றன. பாடுபவர் அழாமையால் அவ்வழுகை கேட்பவர்பால் வந்து சேர்கின்றது.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன் கூறுவார். பிறரால் இகழப்படுவதாகிய இளிவு, உயிரும் பொருளும் இழப்பதாகிய இழவு, முன்னை நிலையிலிருந்து தாழ்வதாகிய அசைவு, நுகர்வதற்கு இல்லாமையாகிய வறுமை என்பன அவை. உரைகண்ட பேராசிரியர், தன் துயருக்குத் தான் வருந்துவதையும் பிறர் துயர் கண்டு வருந்துவதையும் வேறுபடுத்தி, பின்னதைக் கருணை என்று சுட்டுவார். இப்பகுதியை முப்பது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தி வருகிறேன். நான்கு சொற்கள், நான்கு எடுத்துக்காட்டுகள், தேர்வில் நான்கு புள்ளிகள். அவற்றின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கலாயிற்று.

இசைத்தட்டின் மறுபுறமும் நந்தனார் பாட்டே. தோட்டத்தில் அதைக் கேட்டபோது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் அச்சரித்திரம் இம்மலைநாட்டுக்கென்றே எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றியது. நந்தன் சிதம்பரம் போக விரும்புகிறான். ஆண்டை விடை தர மறுக்கிறார். நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை ஓர் இரவில் முடித்தால் போகலாம் என்கிறார். பெரட்டுக்களத்தில் துரையின்முன் நின்று, ஊருக்குப் போய்த் தாயின் முகம் பார்க்க விடுப்புக் கேட்ட நம் முன்னோர்க்கு அக்கதை புதியதாக இருந்திருக்குமா? 1930களில் கணக்கப்பிள்ளை ஒருவர் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்து இத்தட்டை வாங்கியதன் காரணம் எனக்கு விளங்கியது.

தனித்து நின்று பாடும் பெண்குரல் மலைநாட்டுக்கு அந்நியமன்று. அதே 1930களில், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடினார். மாசி மாதத்துக் காமன் கூத்தில், சிவன் நெற்றிக்கண்ணால் எரிந்துபோன மன்மதனுக்காக ரதி புலம்பும் இரவில் லயத்துப் பெண்கள் அனைவரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வர். பெரும்பாலும் ஆடவர் ஒருவரே ரதி வேடம் பூண்டிருப்பார். ஆயினும் அழுகைக்குக் குறைவிராது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டந்தோறும் கேட்டுத் திரட்டிய மக்கள் பாடல்களிலும் இவ்வவலமே ஊடுபாவாக ஓடுகின்றது.

இரண்டு புறங்களும் முடிந்தபின் பாட்டியார் பேசலானார்.

"இதக் கடைசியாப் போட்டது எங்க நாத்தனா குடும்பம் ஊருக்குப் போன அன்னிக்கு ராத்திரி, ஐயா. பதுளை ஸ்டேசன்ல ஏத்திவிட்டுட்டு வந்தாரு. ஒரு வாய் சாப்பிடல. இந்தத் தட்டப் போட்டாரு. அப்புறம் பொட்டிய மூடி வச்சவருதான்."

'அழுகைக் கோச்சி' என்று நம் மக்கள் பெயரிட்ட புகைவண்டியை இக்கால மாணவர் பலர் அறியார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகள் முடிவு செய்தன. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் முடிவாயிற்று. மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. தாய்க்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு என்று தாள்கள் வந்தன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் பயணம். வண்டி நகரும்போது உள்ளே இருப்போரும் மேடையில் நிற்போரும் எழுப்பிய ஓலமே அவ்வண்டிக்குப் பெயராயிற்று. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை, தேயிலையை இறக்கிச் செல்ல வந்தது. அரை நூற்றாண்டின் பின் அதுவே மக்களையும் இறக்கிச் சென்றது.

பாட்டியார் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் என் தாயாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தாயார் கொழுந்து பறித்தவர். எழுத்தறியாதவர். 1974ஆம் ஆண்டின் பஞ்சகாலம் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. மாவும் அரிசியும் அரிதாகித் தோட்டங்களில் மக்கள் பசியால் மாண்ட காலம். எங்கள் காம்பராவில் அடுப்பு எரியாத இரவுகளில், அம்மா எங்களைச் சுற்றிலும் படுக்கவைத்து, நல்லதங்காள் கதையைத் தாழ்ந்த குரலிற் பாடுவார். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்த தாயின் கதையை, பசித்த பிள்ளைகளுக்கு ஒரு தாய் ஏன் பாடவேண்டும்? அன்று அது விளங்கவில்லை. நாங்கள் கேட்டபடியே உறங்கிவிடுவோம் என்பது மட்டும் தெரியும். எங்களினும் மோசமாகப் பசித்தவர்களும் இருந்தார்கள் என்பதில் ஏதோ ஆறுதல் இருந்திருக்கலாம்.

பின்னாளில் நான் பண்டிதனானேன். பதுளை நகரில் வீடு கட்டினேன். அம்மாவையும் அழைத்து வந்தேன். ஒரு நாள் வடபுலத்திலிருந்து புலவர் இருவர் என் இல்லத்துக்கு எழுந்தருளியிருந்தனர். முன்னறையில் நாங்கள் கலித்தொகை பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே அம்மா என் மகளைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுப் பாடினார். தோட்டத்துத் தாலாட்டு, கங்காணியும் கவ்வாத்தும் அட்டையும் வருகின்ற பாட்டு. விருந்தினர் ஒருவர் புன்முறுவல் செய்தார். அது ஏளனமா அன்பா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எழுந்து உள்ளே சென்று, "அம்மா, பெரியவுங்க வந்திருக்காங்க. அந்தப் பாட்ட நிப்பாட்டு" என்றேன்.

நிறுத்தினார். அதன்பின் அவர் உயிரோடிருந்த பதினொரு ஆண்டுகளில் என் வீட்டில் ஒரு நாளும் பாடவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதையே அன்று பசறையில், மழையில், அத்தட்டு ஓய்ந்தபோதுதான் கண்டேன். இளிவு என்னும் சொல்லை முப்பது ஆண்டு கற்பித்தவன், அதைத் தன் தாய்க்கு இழைத்திருக்கிறான்.

இவற்றையெல்லாம் பாட்டியாரிடம் நான் சொல்லவில்லை. சற்றுத் தயங்கி, "பாட்டியம்மா, உங்களுக்கு ஒப்பாரி தெரியுமா? ஒன்று பாடினால் எழுதி வைத்துக்கொள்வேன்" என்று கேட்டேன். சேகரித்து அச்சிடலாம் என்னும் பண்டித ஆசையும் அக்கேள்வியில் கலந்திருந்தது.

அவர் தலையசைத்தார். "இந்த வீட்டு எழவுக்குப் பாடி முடிச்சாச்சு, ஐயா. முப்பத்தொண்ணு கழிஞ்ச வீட்டுல சும்மா பாடக்கூடாது. அது இன்னொரு எழவக் கூப்புடும்."

சிறிது நேரம் மழையைப் பார்த்திருந்துவிட்டு, "உங்க ஆத்தா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. 2009ஆம் ஆண்டிற் போய்விட்டார்கள்."

"அவுங்களுக்குப் பாடுனாகளா?"

நான் விடை சொல்ல நாணினேன். அம்மாவின் இறுதிச் சடங்கில் திருவாசகம் ஓதுவித்தேன். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் வட்டமாக அமர்ந்து கைகோத்து ஒப்பாரி தொடங்கியபோது, 'பண்டிதர் வீட்டில் இது வேண்டாம்' என்று உறவினர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பியவன் நான். திருவாசகம் உயர்ந்தது, அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் என் தாயார் திருவாசகத்தின் ஒரு பாட்டையும் அறிந்தவரல்லர். அவர் அறிந்த மொழியில் அவரை வழியனுப்ப வந்தவர்கள், என் சொல்லால் வாய்மூடி எழுந்து சென்றனர்.

"பாடவில்லை" என்றேன்.

பாட்டியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்த எழவு இன்னும் முடியலையே, ஐயா" என்றார்.

பின்பு அவர், என் தாயாரின் பெயரை மட்டும் கேட்டறிந்துகொண்டு, முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு பாடத் தொடங்கினார். எண்பது கடந்த குரல், பல்லில்லாத வாய், சுருதிப்பெட்டி இல்லை, மழை ஒன்றே சுருதி. கொடுமுடிக் குரலுக்கும் அதற்கும் தரத்தில் ஒப்பில்லை. ஆயினும் ஒவ்வோர் அடியின் முடிவிலும் அதே இடைவெளி இருந்தது. விடை வரவேண்டிய அவ்விடம். முன்பின் அறியாத ஒருத்தியின் மகளாகத் தம்மை ஆக்கிக்கொண்டு அவர் அழைத்தார். பேராசிரியர் கருணை என்று கூறியது இதுவோ என்று எண்ணினேன். எண்ணிய அளவில் எண்ணமும் நின்றுபோயிற்று. என் சட்டைப்பையில் தாளும் எழுதுகோலும் இருந்தன. எடுக்கவில்லை.

இசைத்தட்டைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்து, "இதை வெளியே போட வேண்டாம்" என்று மாணவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவ்வாண்டு மெய்ப்பாட்டியற் பாடம் வந்தபோது, அழுகையின் நான்கு நிலைக்களன்களை எழுதியபின், மாணவரை நோக்கி, வீட்டில் பாட்டிமார் இருந்தால் அவர்கள் பாடும்போது அருகே போய் அமருமாறு கூறினேன். எழுதிக்கொண்டு வரவேண்டுமா, புள்ளி உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். புள்ளி இல்லை, கேட்டால் போதும் என்றேன்.

என் மகள் இப்போது கண்டியில் ஆசிரியை. அவளிடம் தொலைபேசியில், ஆத்தா பாடிய தாலாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். தொட்டிற் குழந்தைக்கு நினைவிருக்க வழியில்லை, அறிந்தே கேட்டேன். எனக்கு முதலிரண்டு அடிகள் மட்டும் வருகின்றன. மூன்றாம் அடியில் கங்காணி வருவார். அதற்குமேல் இல்லை.